டிஸ்பிராக்சியா: கைகால் சொன்னபடி கேட்காத பிள்ளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்பிராக்சியா என்றால் என்ன?

என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். செய்வதற்கு வேண்டிய வலுவும் கையில் இருக்கும். ஆனால் எந்த விரல் முதலில் அசைய வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற ஒழுங்கு மட்டும் கூடி வராது. டம்ளரை எடுக்கும், வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் இருக்கும். கிரேக்கத்தில் 'டிஸ்' என்பது சிரமத்தையும் 'பிராக்சிஸ்' என்பது செயலையும் குறிக்கும். மருத்துவர் சீட்டில் பெரும்பாலும் டிசிடி என்று எழுதுவார். டெவலப்மெண்டல் கோஆர்டினேஷன் டிஸ்ஆர்டர் என்பதன் சுருக்கம் அது. நம் அன்றாடப் பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம்.

இது அபூர்வமானதல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, 5 முதல் 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம் கண்டறியப்படுகிறது.

முன்பெல்லாம் இப்படி ஒரு பேரே கிடையாதே?

வேறு பேர் இருந்தது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்டன் 1937-லேயே அளவுமீறிக் கைதவறும் குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1960, 70-களில் மருத்துவ ஏடுகளிலேயே 'கிளம்சி சைல்ட்', அதாவது கைகால் தடுமாறும் பிள்ளை, என்றுதான் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்ப் பட்டியலில் எஃப்82 என்ற எண்ணின் கீழ் அந்தப் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிசிடி என்ற பெயர் 1987-இல் வந்தது. 1994-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில் கூடிய நிபுணர்கள், இனி எல்லோரும் அதையே பயன்படுத்துவது என்று முடிவெடுத்தார்கள்.

வீட்டில் 'தத்தி' என்று சொல்வதும் இதுவும் ஒன்றா?

இல்லை. 'தத்தி' என்கிற வசவு கைதவறுகிறவனையும் விவரமில்லாதவனையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. டிஸ்பிராக்சியாவுக்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. கணக்கில் நூறு வாங்கும் பிள்ளை பள்ளிக்கூடப் பையின் ஜிப்பைப் போடத் திணறலாம்.

நம் பேச்சுத் தமிழில் இதைவிடப் பயனுள்ள சொற்கள் இருக்கின்றன. 'கை தவறிடுச்சு' என்றால் நடந்ததைச் சொல்கிறோம், ஆளைச் சொல்லவில்லை. 'எசகுபிசகா பிடிச்சிருக்கே' என்றால் பிடியைச் சொல்கிறோம். 'வாகா பிடி' என்பது கிட்டத்தட்ட ஒரு பாடமே. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது, எது வாகு என்று கையைத் தொட்டுக் காட்ட வேண்டும். 'பாத்து', 'கவனமா', 'ஒழுங்கா' என்ற மூன்றும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒலிக்கின்றன என்று பாருங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அவற்றால் ஒரு பலனும் இல்லை, ஏனென்றால் எங்கே பார்ப்பது என்று அவை சொல்வதில்லை. 'டம்ளர் விளிம்பைப் பார்' என்றால் வேலை நடக்கும்.

பெயர்க் குழப்பம் இன்னொன்றும் உண்டு. டிஸ்கிராபியா என்பது எழுதுவதில் மட்டும் வரும் சிரமம். பேச்சு அப்ராக்சியா என்பது வாயசைவை ஒழுங்குபடுத்துவதில் வரும் சிரமம், அதற்குப் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். ஒரே பிள்ளைக்கு இவை சேர்ந்தும் வரலாம்.

எல்லாக் குழந்தையும்தான் தடுக்கி விழுகிறது. எதை வைத்துச் சந்தேகப்படுவது?

நான்கு விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். வயதுக்கு வர வேண்டிய கைகால் திறன் தெளிவாகப் பின்தங்கியிருப்பது. அதனால் உடுத்துவது, சாப்பிடுவது, எழுதுவது, விளையாடுவது என்று அன்றாடம் ஏதாவது கெடுவது. சின்ன வயதிலிருந்தே அப்படி இருப்பது. பார்வைக் கோளாறு, நரம்புத் தசை நோய், அறிவு வளர்ச்சிக் குறைபாடு இவற்றால் அதை விளக்க முடியாமல் இருப்பது. ஐந்து வயதுக்கு முன் பொதுவாக முடிவு சொல்ல மாட்டார்கள். அதற்குமுன் ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு வேகத்தில் தேறும்.

எட்டு வயதிலும் சட்டைப் பட்டனுக்கு அம்மா வேண்டும், மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குகிறது, பந்து முகத்தில் பட்ட பிறகுதான் கை மேலே வருகிறது, நாற்காலியில் உட்காரப்போய் ஓரத்தில் உட்கார்ந்து சரிகிறது என்று பல இடங்களில் தெரிந்தால் காட்டிப் பார்ப்பது நல்லது. சைக்கிள் மட்டும் வரவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் சைக்கிள் பழகவில்லை என்றுதான் பொருள்.

பதின்மூன்று பதினான்கு வயதில் திடீரென்று வளரும் பையன் கதவு நிலையில் இடித்துக்கொள்வது வேறு கதை. கைகால் நீண்டது மூளைக் கணக்கில் ஏறச் சில மாதம் ஆகும்.

உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள் எவை?

டிஸ்பிராக்சியா நாளுக்கு நாள் மோசமாகாது. ஆகவே முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் அது இதுவல்ல. ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் வலுவிழப்பது, நடை திடீரென்று தள்ளாடுவது, காலைத் தலைவலியோடு வாந்தி வருவது இவற்றில் எதற்கும் காத்திருக்கக் கூடாது.

ஆண் பிள்ளைகளிடம் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த பையனை எதையும் பிடிக்காமல் எழச் சொல்லுங்கள். குப்புறத் திரும்பி, கையை முழங்காலில் ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுந்தால், கெண்டைக்கால் சதையும் பருத்திருந்தால், தசைச்சிதைவு நோயா என்று பார்க்க வேண்டும். சிபிகே என்ற ரத்தப் பரிசோதனையில் தொடங்குவார்கள். 'சோம்பேறி, ஓடவே மாட்டான்' என்று இதை விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு.

பரிசோதனையில் என்ன செய்வார்கள்?

முதலில் கண் பரிசோதனை. கண்ணாடி போட்டதும் பாதி பிரச்சினை தீர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதன் பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ மற்ற நோய்கள் இல்லை என்று உறுதி செய்வார். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சியாளரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கைகால் திறனை அளப்பார்.

பெற்றோருக்கு டிசிடிக்யூ என்ற படிவம் தருவார்கள். 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 5 முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்கு இது பொருந்தும். பிள்ளைக்கு எம்ஏபிசி-2 என்ற தேர்வு வைப்பது வழக்கம். அதில் எட்டுச் சின்ன வேலைகள்: விரல் வேலை, பந்தைக் குறிபார்த்து எறிவதும் பிடிப்பதும், ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலை. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசைப்படுத்தினால் கடைசி ஐந்து பேருக்குள் வருகிறதா, கடைசிப் பதினைந்துக்குள் வருகிறதா என்று பார்ப்பார்கள். அறிகுறிகள் வேறு திசையைக் காட்டினால் ஒழிய எம்ஆர்ஐ ஸ்கேன் தேவைப்படாது.

தமிழ்நாட்டில் செலவில்லாமல் தொடங்க, மாவட்ட அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த டிஇஐசி எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் ஒரு வழி. 18 வயது வரையுள்ளவர்களை அங்கே பார்ப்பார்கள். சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது.

காரணம் என்ன? மொபைல் பார்த்ததாலா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. குறைமாதத்தில், குறைந்த எடையோடு பிறந்த பிள்ளைகளிடம் இது அதிகம். குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. கையை நீட்டும் முன்பே அது எங்கே போய்ச் சேரும் என்று மூளை ஒரு கணிப்புப் போடுகிறது. அந்தக் கணிப்பு தவறும்போது கை தவறுகிறது என்பது இப்போது அதிகம் பேசப்படும் விளக்கம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாடும் சேர்ந்திருக்கும். அப்போது இரண்டையும் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றது அப்படியே நிற்கும்.

ரப்பர் பந்தை அமுக்கினால், மாவு பிசைந்தால் கை சரியாகுமா?

பந்தை அமுக்கினால் பந்தை அமுக்குவதில் தேறும். விரலுக்கு வலு ஏறலாம், ஆனால் இங்கே குறை வலுவில் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையில் கற்றது இன்னொரு வேலைக்குத் தானாகத் தாவுவது கடினம். எது வர வேண்டுமோ அதையே பழக்க வேண்டும். 2019-இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதலும் செயலையே நேரடியாகப் பழக்கும் முறைகளைத்தான் பரிந்துரைக்கிறது. மாதக்கணக்கில் ஊஞ்சலாட்டுவதும் தோலில் தூரிகையால் தேய்ப்பதும் மட்டும் நடக்கிற பயிற்சி மையத்தில், 'எந்த வேலை இப்போது தானாகச் செய்கிறான்?' என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அப்படியானால் எப்படிப் பழக்குவது?

கனடாவில் ஹெலன் பொலடாய்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் உருவாக்கிய கோ-ஆப் என்ற முறை வீட்டுக்கும் பொருந்தும். இலக்கு, திட்டம், செய், சரிபார் என்று நான்கு கட்டம். பிள்ளையே மூன்று இலக்குகளைத் தேர்ந்தெடுக்கும். பயிற்சியாளரிடம் சுமார் பத்துப் பன்னிரண்டு அமர்வுகள் நடக்கும்.

செம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதை எடுத்துக்கொள்வோம். செம்பில் பாதித் தண்ணீர், கீழே ஒரு தட்டு. இலக்கு: தட்டில் சிந்தக் கூடாது. 'எப்படிச் செய்யப் போறே?' என்று கேளுங்கள். 'மெதுவா ஊத்துவேன்' என்று சொல்லும். சரி, ஊற்றட்டும், சிந்தட்டும். இப்போது திட்டாமல், துடைக்காமல், 'தண்ணி எந்தப் பக்கம் கொட்டியிருக்கு?' என்று கேளுங்கள். தட்டைப் பார்க்கும். 'டம்ளருக்கு இந்தப் பக்கம்.' 'அப்ப செம்பு வாய் எங்க இருந்துச்சு?' இரண்டு மூன்று முறைக்குள் மூன்று விஷயங்களில் ஒன்றைப் பிள்ளையே பிடித்துவிடும்: செம்பின் வாய் டம்ளர் விளிம்பில் படவில்லை, இடது கை டம்ளரைப் பிடிக்கவில்லை, கண் செம்பைப் பார்த்தது, டம்ளரைப் பார்க்கவில்லை. அதுவே அடுத்த திட்டம். 'தொட்டு ஊத்து' என்று பிள்ளை தானே ஒரு பேர் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, அடுத்த முறை அந்தச் சொல்லே வழிகாட்டும்.

பெரும்பாலான வீடுகளில் கெடுவது மூன்றாவது கட்டத்துக்கும் நான்காவதுக்கும் இடையில்தான். சிந்தியவுடன் பெரியவர் கை நீண்டு செம்பை வாங்கிவிடும். விடையை நீங்கள் சொன்னால் அன்றைக்குச் சிந்தாது, நாளைக்குச் சிந்தும்.

சட்டைப் பட்டன்?

கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுங்கள். பட்டனைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, வெளியே வந்த பாதியை இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது சரளமானதும் நுழைப்பதையும் விடுங்கள். கீழ்ப் பட்டனில் தொடங்க வேண்டும், கழுத்துப் பட்டன் கண்ணுக்கே தெரியாது. வழக்கமான சட்டைப் பட்டன் சுமார் 11 மி.மீ. இருக்கும். 20 மி.மீ. பட்டன் வைத்த பழைய சட்டையில் முதலில் பழக்கலாம். புது யூனிபாரத்தில் துளை இறுக்கமாக இருக்கும், போடுவதற்குமுன் நீங்களே பல முறை பட்டனை நுழைத்து எடுத்துத் தளர்த்திவிடுங்கள்.

ஆண்கள் சட்டையில் பட்டன் வலப்பக்கம், துளை இடப்பக்கம். பெண்கள் சட்டையில் மாற்றி இருக்கும். அண்ணன் சட்டையில் கற்ற தங்கை தன் யூனிபாரத்தில் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

ஷூ லேஸுக்கும் இதே முறைதான். இரண்டு நிற லேஸ் போட்டு, ஷூவைப் பிள்ளையின் மடியில், அது காலில் போடும் திசையிலேயே வையுங்கள். எதிரே உட்கார்ந்து காட்டினால் இடவலம் புரண்டுவிடும், பக்கத்தில் உட்காருங்கள். வெல்க்ரோ ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த நேரத்தை வேறு இலக்குக்குச் செலவிட்டாலும் குடி முழுகிவிடாது.

சைக்கிள் எப்படியும் வந்தாக வேண்டும், பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் தருகிறார்கள்.

பக்கத்தில் மாட்டும் குட்டிச் சக்கரங்களை முதலில் கழற்றுங்கள். அவை இருக்கும்போது வண்டி சாயாது, சாய்ந்தால் எந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும் என்று உடம்பு கற்கவே கற்காது.

அடுத்து பெடல்களையும் கழற்றுங்கள். பல சைக்கிள்களுக்கு 15 மி.மீ. ஸ்பானர் சரியாக இருக்கும். இடப்பக்கப் பெடலின் மறை எதிர்த்திசையில் இருக்கும். குழம்ப வேண்டாம்: ஸ்பானர் பிடி மேலே இருக்கும்படி மாட்டி, பின்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டும் கழலும். சீட்டை இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியும் அளவுக்கு இறக்குங்கள். வண்டி பெரிதாக இருந்து பாதம் பதியவில்லையென்றால் சின்ன வண்டி கடன் வாங்குங்கள், இந்த ஒன்றில் சமரசம் வேண்டாம்.

உட்கார்ந்து நடப்பது முதல் கட்டம். காலால் உந்தி மிதப்பது இரண்டாவது. லேசான சரிவில், காலைத் தூக்கியபடி ஐந்தாறு விநாடி நேராகப் போனால் சமநிலை வந்துவிட்டது. பிரேக்கைப் பழக்கிய பிறகே பெடலை மாட்டுங்கள். ஒருமுறைக்கு 15, 20 நிமிடம் போதும், களைத்த பிறகு செய்வதெல்லாம் தவறான பழக்கமாகவே பதியும். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள், நீங்கள்தான் சமநிலை பழகுவீர்கள்.

கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறது.

முதலில் உட்காரும் விதம். பாதம் தரையில் பதிய வேண்டும், மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். கால் தொங்கினால் உடம்பை நிறுத்தவே பாதி உழைப்பு போய்விடும். வலக்கைக்காரருக்கு நோட்டு சற்றே இடப்பக்கமும், இடக்கைக்காரருக்கு வலப்பக்கமும் சாய்ந்திருக்கட்டும். எழுதாத கை நோட்டைப் பிடிக்கிறதா என்று பாருங்கள், பல சமயம் அது மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்.

தமிழ் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம். ண எழுதும்போது மூன்று சுழி நான்காகும், அல்லது இரண்டோடு நின்று ன ஆகிவிடும். எழுத்துப்பிழை என்று வாத்தியார் சிவப்பு மை போடுவார், உண்மையில் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை. சுழிகளை வாய்விட்டு எண்ணியபடி எழுதவிட்டால் உதவும். ஒரு பக்கம் முழுக்க எழுதவிட்டு முதல் ஐந்து வரியையும் கடைசி ஐந்து வரியையும் ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் நன்றாக இருந்து கடைசியில் குலைந்தால் களைப்புதான் காரணம். அப்போது இம்போசிஷன் கொடுப்பது நிலைமையைக் கெடுக்கும், வீட்டுப்பாடத்தை இரண்டாகப் பிரிப்பது தீர்க்கும். தாள் கிழியுமளவு அழுத்துகிற பிள்ளைக்கு 2பி பென்சில் கொடுங்கள், லேசாகத் தொட்டாலே கருப்பாக விழும்.

சாப்பாட்டு நேரம் போர்க்களமாக இருக்கிறது.

டம்ளரைத் தட்டின் பக்கவாட்டில் வைக்காதீர்கள், முழங்கை போகும் பாதை அது. தட்டுக்கு அப்பால், நேர் எதிரே வையுங்கள், முக்கால் அளவே நிரப்புங்கள். கனமான அடிப்பாகமுள்ள டம்ளர் நல்லது. காபியை டபராவில் ஆற்றுவதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் முதுகைச் சுவரில் சாய்க்கவிடுங்கள். ரசம் சாதம்தான் இருப்பதிலேயே கடினம், விரலுக்கிடையில் ஒழுகும். பருப்பு சாதம், தயிர் சாதம் என்று கெட்டியானதைக் கையால் பிசைந்து பழகட்டும். ரசத்துக்கு ஸ்பூன் கொடுப்பதால் மானம் போகாது.

பி.டி. பிரியடில் ஒதுக்கப்படுகிறான்.

டீம் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிற பிள்ளை விளையாடுவதையே விட்டுவிடும், விட்டால் உடல் தகுதியும் குறையும். வேகமாக வரும் பந்தைக் கணிக்க வேண்டிய கிரிக்கெட்டைவிட, நீச்சல், நெடுந்தூர நடை, ஓட்டம் போன்றவை எளிது. தன் வேகத்தில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற விளையாட்டுகள் அவை. பந்து பிடிக்கப் பழக வேண்டுமானால் பலூனில் தொடங்கிப் பெரிய பந்து, பிறகு டென்னிஸ் பந்து. தரையில் ஒருமுறை குத்தி வரும் பந்து நேரே வருவதைவிடப் பிடிக்க எளிது, கணிக்க நேரம் கிடைக்கிறது.

இடக்கைப் பழக்கத்தை மாற்றியதால் இப்படி ஆகியிருக்குமா?

இடக்கைப் பழக்கம் காரணமல்ல. ஆனால் ஏற்கெனவே திணறும் கையைவிட்டு இன்னொரு கைக்கு மாற்றச் சொல்வது இரட்டை வேலை. எந்தக் கை வருகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.

தேர்வில் சலுகை உண்டா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளின் விளக்கத்தில் டிஸ்பிராக்சியாவைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சட்டப்படி 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்றிதழ் கிடைத்தால், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித்தரும் எழுத்தர் உதவியோ, மணிக்குக் குறைந்தது 20 நிமிடக் கூடுதல் நேரமோ கேட்கலாம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. சான்றிதழுக்கான சோதனை பெரும்பாலும் வாசிப்பு, எழுத்து, கணக்கைத்தான் அளக்கிறது. நன்றாக வாசிக்கிற, கை மட்டும் தவறுகிற பிள்ளை அதில் தப்பிவிடலாம். ஆகவே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் அறிக்கையையும், நேரம் குறித்து எழுதவைத்த பக்கங்களையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பொதுத்தேர்வு வருஷம்வரை காத்திருக்காமல் முன்பே தொடங்குங்கள்.

பெரியவனானால் சரியாகிவிடுமா?

பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பதின்பருவத்திலும் அதற்குப் பிறகும் தொடர்கிறது. ஆனால் பெரியவர்களுக்கு வேலையையும் கருவியையும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. 'ஹாரி பாட்டர்' பட நடிகர் டேனியல் ராட்கிளிஃப் தனக்கு லேசான டிஸ்பிராக்சியா இருப்பதாக 2008-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஷூ லேஸ் கட்டுவது இன்னும் சில சமயம் தகராறுதான் என்றார்.

சமையலறையில் வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் பலகை நகராது. வெங்காயத்தை முதலில் இரண்டாக வெட்டி, தட்டையான பக்கத்தைக் கீழே வைத்துத்தான் நறுக்க வேண்டும். சேலை மடிப்பு நிற்கவில்லையென்றால் முந்தின இரவே மடித்துப் பின் குத்தி வைக்கலாம். டூவீலர் என்றால் கியர் இல்லாத ஸ்கூட்டர். அதிலும் ஒரு ஆபத்து: பதற்றத்தில் வலக்கை முன்பிரேக்கை இறுக்கும்போதே ஆக்சிலரேட்டரையும் முறுக்கிவிடும். என்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, வலக்கையை முன்னோக்கித் திருப்பி ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பதைத் தனியாகப் பழகிய பிறகே ரோட்டுக்குப் போங்கள்.